செயற்கைக்கோள் படத்திலிருந்து மோட்டார் மணி வரை: பாசன ஆலோசனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உடுமலை, பல்லடம், ஒட்டன்சத்திரம் பக்கம் தைப்பட்டத்தில் மக்காச்சோளம் போட்ட விவசாயிக்குப் பாசன விஷயத்தில் தெரிய வேண்டியது இரண்டுதான்: அடுத்த தண்ணீர் என்றைக்கு, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும். இந்த இரண்டுக்கும் பதில் தராத செயற்கைக்கோள் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்குப் பயன்படாது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டிய வரைபடத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டால் ஆலோசனை கொடுத்தாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையான வேலை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள், வேளாண்மை படித்துவிட்டு ஊரிலேயே ஏதாவது செய்ய நினைப்பவர்கள், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஒரு கணினி, இணையம், எக்செல் தெரிந்த ஒருவர், வாரம் ஒருமுறையாவது தோட்டத்துக்குப் போய்வர ஒரு வண்டி. இவை இருந்தால் தொடங்கலாம். படங்களுக்குக் காசு கிடையாது.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் இலையைப் பார்க்கிறது. வேருக்குப் பக்கத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மண் ஈரத்துக்கென்றே 2015-இல் நாசா ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள் இருக்கிறது. ஆனால் அதன் மேம்படுத்திய தரவில்கூட ஒரு கட்டம் 9 கிலோமீட்டர். ஒரு கட்டத்துக்குள் பல ஊர்களே அடங்கிவிடும். சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் சிறிய கட்டங்களாகப் பார்க்கும் என்றாலும், அவற்றுக்குத் தெரிவது மேல்மண்ணின் சில சென்டிமீட்டர் ஈரம்தான். பயிர் இடுப்பளவு வளர்ந்துவிட்டால் அதுவும் குழம்பிவிடும். ஆகவே நாம் செய்யப்போவது ஒரு வரவு செலவுக் கணக்கு. மழையும் பாசனமும் வரவு. பயிர் குடிப்பதும் மண்ணிலிருந்து ஆவியாவதும் செலவு. செயற்கைக்கோள் இந்தச் செலவுப் பக்கத்தைச் சரியாக எழுத உதவுகிறது. மற்ற எல்லாவற்றையும் தரையில்தான் தேட வேண்டும்.

முதல் படி: எந்தத் தோட்டம் இதற்குப் பொருந்தும்

நாம் பயன்படுத்தப்போகும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் (கட்டம்) 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்கு நாற்பது பிக்சல் வரும். நல்ல எண்ணிக்கை என்று தோன்றும். ஆனால் வரப்போரப் பிக்சல்களை விட்டுவிட வேண்டும். அவற்றில் பக்கத்துத் தோட்டமும் வண்டிப்பாதையும் கலந்திருக்கும். சதுரமான ஒரு ஏக்கரில் சுற்றிலும் 10 மீட்டர் உள்ளே தள்ளினால் பத்தொன்பது பிக்சல் மிஞ்சும். அரை ஏக்கரில் ஆறு. அதற்குக் கீழே போனால் நம்ப முடியாது. ஆகவே ஒரே பயிர், ஒரே நாளில் விதைத்தது, அரை ஏக்கருக்குக் குறையாதது, இந்த மூன்றும் அமைந்த தோட்டங்களை மட்டும் முதல் பருவத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரப்பில் வரிசையாகத் தென்னை நிற்கும் தோட்டங்களில் கூடுதல் கவனம் வேண்டும். தென்னை ஆண்டு முழுக்கப் பச்சை. விதைத்துப் பத்து நாளான மக்காச்சோளத்தைக்கூட அது செழித்த பயிர் போலக் காட்டிவிடும். தென்னந்தோப்புக்குள் ஊடுபயிர் என்றால் இந்த முறையே வேண்டாம்.

நெல்லுக்கும் இதை அப்படியே கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் கட்டி நிறுத்தும் வயலில் கணக்கு வேறு. அங்கே காய்ச்சலும் பாய்ச்சலுமாகச் செய்பவருக்கு வயலில் புதைத்த ஓட்டைக் குழாய் ஒன்றே போதும். உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சலாம். பூக்கும் சமயத்தில் மட்டும் இறங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலமும் முக்கியம். தைப்பட்டம் இதற்கு மிகவும் தோதான பருவம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் பெரும்பாலும் திறந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் வாரக்கணக்கில் மேகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாம் படி: தோட்டத்துக்குப் போய்க் கேட்க வேண்டியவை

கணினியைத் திறக்கும் முன் தோட்டத்துக்குப் போய்வாருங்கள். என்றைக்கு விதைத்தது, என்ன ரகம், கடைசித் தண்ணீர் எப்போது கட்டியது, தண்ணீர் கிணறா போரா வாய்க்காலா, பார்-சால் (மேட்டில் பயிர், பள்ளத்தில் தண்ணீர்) பாசனமா சொட்டு நீரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனப் பகுதியில் என்றால் அவருடைய நிலம் எந்த மண்டலம், இந்த ஆண்டு வாய்க்கால் தண்ணீர் உண்டா என்பதும் வேண்டும். அங்கே நான்கு மண்டலங்களுக்கு முறைவைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். முறைத் தண்ணீர் வரும் வாரத்தில் "இன்னும் மூன்று நாள் பொறுங்கள்" என்று சொல்லும் ஆலோசனையை யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கவும் கூடாது.

எல்லையைக் கைப்பேசியில் ஜிபிஎஸ் போட்டு வரப்போரமாக நடந்தே எடுங்கள். புலப்படத்தில் இருக்கும் சர்வே எண் எல்லையை அப்படியே போட்டுவிடுவது சுலபம்தான். ஆனால் ஒரே உட்பிரிவுக்குள் மக்காச்சோளமும் தக்காளியும் சும்மா கிடக்கும் கொறங்காடும் (மேய்ச்சல் நிலம்) இருப்பது சாதாரணம். பயிர் நிற்கும் எல்லைதான் நமக்கு வேண்டும்.

அப்புறம் மண். இதற்கு மண்வள அட்டை உதவாது. தழை, மணி, சாம்பல் சத்து அதில் இருக்கும், தண்ணீர் பிடிக்கும் திறன் இருக்காது. மண்வெட்டியால் ஒன்றரை அடி தோண்டிப் பாருங்கள். கீழே சுக்கான் பாறை தட்டுகிறதா, எத்தனை அடியில் என்று பாருங்கள். ஈரமண்ணை விரல்களுக்கிடையில் நாடா போல் அழுத்திப் பாருங்கள். நீளமாக உடையாமல் வந்தால் களிப்பு அதிகம். வரவே இல்லையென்றால் மணல். ஒரு மீட்டர் ஆழ மண்ணில் பயிருக்குக் கிடைக்கக்கூடிய நீர், மணற்பாங்கான செம்மண்ணுக்கு 110 முதல் 150 மில்லிமீட்டர், களிமண்ணுக்கு 120 முதல் 200 வரை என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1998-இல் வெளியிட்ட 56-ஆம் பாசன வெளியீடு சொல்கிறது. இந்தத் துறையில் எல்லோரும் கையில் வைத்திருக்கும் புத்தகம் அது. முதலில் நடுவான ஓர் எண்ணைப் போடுங்கள். பருவம் போகப் போகத் திருத்தலாம்.

மூன்றாம் படி: படத்தை எடுத்து என்டிவிஐ பார்ப்பது

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தை 5 நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை மணி வாக்கில் படம் எடுக்கின்றன. கோப்பர்நிக்கஸ் பிரவுசரில் பதிவு செய்துகொண்டால் இலவசமாகப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். நூறு தோட்டங்களுக்கு மொத்தமாகக் கணக்கிட கூகுள் எர்த் எஞ்சின் வசதியானது. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. தொடக்கத்தில் பத்துப் பதினைந்து தோட்டம்தான் என்றால் கியூஜிஐஎஸ் மென்பொருளே போதும்.

வளிமண்டலத் திருத்தம் செய்த எல்2ஏ படங்களையே எடுங்கள். இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் பசுமை எண்தான் என்டிவிஐ. சென்டினல்-2-இல் அகச்சிவப்பு 8-ஆம் பட்டை, சிவப்பு 4-ஆம் பட்டை (ஒவ்வொரு நிற ஒளிக்கும் தனியாக வரும் படம்தான் பட்டை). வெறும் மண் 0.15, 0.2 என்று காட்டும். பார் முழுவதும் மூடிய மக்காச்சோளம் 0.8 வரை போகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் வெளிவரும் சென்டினல்-2 படங்களில் எல்லாப் பட்டை எண்களோடும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. அதைக் கழித்துவிட்டு 10,000-ஆல் வகுக்க வேண்டும். கழிக்க மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நல்ல பயிரில் சிவப்பு 0.04, அகச்சிவப்பு 0.40 என்றால் என்டிவிஐ 0.82. கழிக்காவிட்டால் அதே பயிர் 0.14, 0.50 என்று தெரிந்து என்டிவிஐ 0.56 ஆகிவிடும். மக்காச்சோளத்தின் உச்சத் தேவை நாளில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் குறைத்துச் சொல்லிவிடுவீர்கள். எர்த் எஞ்சினில் "ஹார்மனைஸ்டு" என்ற தொகுப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. நேரடியாக இறக்கிப் பழைய செய்முறையைப் பின்பற்றுபவர்கள்தான் இதில் சிக்குவார்கள்.

மேகத்தை நீக்குவதற்குப் படத்தோடு வரும் வகைப்பாட்டுப் பட்டை இருக்கிறது. மேகம், மெல்லிய வெண்மேகம், மேக நிழல் எல்லாவற்றையும் விலக்குங்கள். விலக்கிய பிறகும் அந்த நாளின் இயற்கை நிறப் படத்தைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மேகத்தைப் பிடித்தாலும் அதன் நிழல் விளிம்பைப் பல சமயம் மென்பொருள் தவறவிடும். தோட்டத்தில் முக்கால் பங்குக்குமேல் சுத்தமாக இல்லையென்றால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

படம் கிடைக்காத நாட்களுக்கு முந்தைய படத்திலிருந்து நேர்கோடு போடலாம். ஆனால் விதைத்த 20-ஆம் நாளிலிருந்து 45-ஆம் நாள் வரை மக்காச்சோளம் மளமளவென்று வளரும். பத்து நாள் பழைய எண்ணையே வைத்துக்கொண்டிருந்தால், நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைத்துச் சொல்ல நேரும். அந்தக் கட்டத்தில் படம் இல்லையென்றால் தோட்டத்துக்குப் போய்ப் பயிர் எவ்வளவு மூடியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: பச்சையை நீர்த்தேவையாக மாற்றுவது

பயிரின் ஒரு நாள் நீர்ச்செலவு இரண்டு எண்களின் பெருக்கல். முதலாவது, அன்றைய வெயில், காற்று, ஈரப்பதத்துக்கு நன்றாக நீர் கிடைக்கும் ஒரு புல்தரை எவ்வளவு இழக்கும் என்பது. இதை இடிஓ என்கிறார்கள். இரண்டாவது, அந்தப் புல்லோடு ஒப்பிட நம் பயிர் எத்தனை மடங்கு குடிக்கும் என்பது. இது பயிர்க் கெழு, அதாவது கேசி.

கேசியைத்தான் என்டிவிஐயிலிருந்து எடுக்கிறோம். பலரும் பயன்படுத்தும் எளிய சூத்திரம்: என்டிவிஐயை 1.25-ஆல் பெருக்கி 0.2 கூட்டு. என்டிவிஐ 0.72 என்றால் கேசி 1.10. மக்காச்சோளத்துக்கு 1.2-க்கு மேல் போகவிடாதீர்கள். இந்தச் சூத்திரம் வேறு நாட்டு வயல்களில் உருவானது. நம் மண்ணுக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அதைச் சரிசெய்ய ஆறாம் படியில் சொல்லும் மண்வெட்டிச் சோதனை உதவும்.

இதில் மிகவும் ஆபத்தான இடம் ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் பற்றாமல் பயிர் வாடினால் இலை சுருங்கும், கீழிலை காயும், என்டிவிஐ இறங்கும். என்டிவிஐ இறங்கினால் சூத்திரம் கேசியையும் இறக்கும். "இந்தப் பயிருக்குத் தண்ணீர் குறைவாகப் போதும்" என்று கணினி சொல்லும். வாடும் பயிருக்கு இன்னும் குறைவான தண்ணீர்! படைப்புழு குருத்தைத் தின்றிருந்தாலும், தழைச்சத்து குறைந்து வெளுத்திருந்தாலும் இதே கதைதான். மறுபக்கம், களை மண்டிய தோட்டத்தில் என்டிவிஐ உயர்ந்து பயிர் பிரமாதமாக இருப்பதாகத் தோன்றும். ஆகவே அந்த நாள் வயதுக்கு எதிர்பார்க்கும் கேசியை ஒரு கோடாக வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளத்துக்குத் தொடக்கத்தில் 0.3, நடுப்பருவத்தில் 1.2, முற்றும்போது 0.6 அல்லது அதற்கும் கீழே. படம் காட்டுவது இந்தக் கோட்டிலிருந்து சட்டென்று கீழே விலகினால் அது ஆலோசனை அனுப்பும் நாள் அல்ல, தோட்டத்துக்கு ஓடும் நாள்.

வாட்டத்தை என்டிவிஐ தாமதமாகத்தான் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். மதியம் இரண்டு மணிக்கு இலை சுருண்டு நிற்கும் பயிர் காலை பத்தரைக்கு விரிந்துதான் இருக்கும். இலையின் வெப்பம் முன்கூட்டியே சொல்லிவிடும். லேண்ட்சாட் 8-உம் 9-உம் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை வெப்பப் படம் தருகின்றன. ஆனால் அந்த உணர்கருவியின் உண்மையான பிக்சல் 100 மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். அடுத்தடுத்து ஒரே பயிர் நிற்கும் பெரிய பரப்பில் எந்தப் பக்கம் சூடாக இருக்கிறது என்று பார்க்க உதவும். தனி ஒரு சிறு தோட்டத்துக்கு வேண்டாம்.

இடிஓவுக்கு வானிலைத் தரவு வேண்டும். பக்கத்தில் தானியங்கி வானிலை நிலையம் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் நாசாவின் பவர் தளத்தில் தினசரித் தரவு சில நாள் தாமதத்தில் கிடைக்கும். வெப்பநிலை மட்டும் இருந்தால் ஹார்கிரீவ்ஸ் சூத்திரத்தை வைத்து ஓட்டலாம் என்பார்கள். தை, மாசியில் சமாளிக்கும். ஆனால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் வீசும்போது அந்தச் சூத்திரம் காலை வாரிவிடும். காற்று வலுத்தால் அது குறைவாகக் கணக்கிடும் என்பதை 56-ஆம் வெளியீடே எச்சரிக்கிறது. மேகம் மூடியிருக்கிறது, வெயில் இல்லை, ஆகவே தண்ணீர் குறைவாகப் போதும் என்று நினைக்கத் தோன்றும் மாதங்கள் அவை. காற்றாலை சுற்றும் ஊரில் காற்றைக் கணக்கில் சேர்க்காமல் ஆலோசனை சொல்லாதீர்கள். வெப்பம், வெயில், காற்று, ஈரப்பதம் நான்கையும் சேர்க்கும் பென்மன்–மான்டீத் முறைதான் சரி.

ஐந்தாம் படி: ஒரு தோட்டத்தின் ஒரு வாரக் கணக்கு

சரி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் செம்மண், மணற்பாங்கு. மக்காச்சோளம் ஐம்பது நாள் பயிர், மாசிக் கடைசி. வேர் நன்றாக இறங்கியிருக்கும் ஆழம் 60 சென்டிமீட்டர். மீட்டருக்கு 120 மி.மீ. என்றால் வேர்ப்பகுதியில் இருக்கும் மொத்த நீர் 72 மி.மீ. இதில் முழுவதையும் பயிர் சிரமமில்லாமல் எடுக்காது. பாதி தீரும் வரை மக்காச்சோளம் வாடாது என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது 36 மி.மீ. வேர்ப்பகுதியில் தீர்ந்துபோன நீர்தான் பற்றாக்குறை; அது 36-ஐத் தொடும் முன் தண்ணீர் போய்ச் சேர வேண்டும். இதுதான் நம்முடைய எல்லைக்கோடு.

ஞாயிறு மாலை நன்றாகத் தண்ணீர் கட்டியாயிற்று, பற்றாக்குறை சுழி. கேசி 1.10. திங்கள் இடிஓ 5.2, செலவு 5.7. செவ்வாய் 5.5, செலவு 6.1, மொத்தம் 11.8. புதன் 5.6, செலவு 6.2, மொத்தம் 18. வியாழன் 5.4, செலவு 5.9, மொத்தம் 23.9. அன்று சாயங்காலம் இடியோடு ஒரு கோடை மழை, 9 மி.மீ. பற்றாக்குறை 14.9 ஆகக் குறைகிறது. வெள்ளி வெயில் கொஞ்சம் தணிந்து செலவு 5.3, மொத்தம் 20.2. சனி 5.8, மொத்தம் 26. அடுத்த ஞாயிறு 6.1, மொத்தம் 32.1. திங்கள் விட்டால் 38-ஐத் தாண்டிவிடும். ஆக, தண்ணீர் ஞாயிறு.

அந்த மழை வரவில்லையென்றால் சனிக்கிழமையே 35 ஆகியிருக்கும். 9 மி.மீ. மழை தந்தது ஒன்றரை நாள் அவகாசம், அவ்வளவுதான். "நல்ல மழை, இனி ஒரு வாரத்துக்குக் கவலையில்லை" என்று நினைப்பதற்கும் இந்தக் கணக்குக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். ஆலோசனையின் முழுப் பயன் பல சமயம் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

இதே பயிர் ஆழமான கரிசலில் நின்றிருந்தால்? மீட்டருக்கு 160, வேர் 80 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 128, எல்லைக்கோடு 64. மழையே இல்லாமல் பத்து நாள் தாங்கும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரே நாளில் ஒரே குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

மழையைப் பொறுத்தவரை தோட்டத்திலேயே அளப்பது ஒன்றுதான் வழி. கோடை மழை ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் தூறல்கூட விழாது. தாலுகா மழைமானி எண்ணும் செயற்கைக்கோள் மழைத் தரவும் இந்த வித்தியாசத்தைப் பிடிக்காது. நேர்ப்பக்கம் கொண்ட, அடி தட்டையான ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, மழை நின்றதும் அளவுகோலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறதோ அதுதான் மழை. ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் கணக்கில் சேர்க்க வேண்டாம். பற்றாக்குறைக்கு மேல் பெய்ததையும் சேர்க்க முடியாது. அது வேருக்குக் கீழே போய்விட்டது அல்லது ஓடிவிட்டது.

ஆறாம் படி: மில்லிமீட்டரை மோட்டார் மணியாக்குவது, மண்வெட்டியால் சரிபார்ப்பது

"32 மில்லிமீட்டர் பாய்ச்சவும்" என்று ஒரு விவசாயியிடம் சொல்வதில் பொருள் இல்லை. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்பது 4,047 லிட்டர். 32 மி.மீ. என்றால் சுமார் 1,29,500 லிட்டர். பார்-சால் பாசனத்தில் பாய்ச்சுவதெல்லாம் வேருக்குப் போகாது. நூற்றுக்கு அறுபத்தைந்து போனால் நல்லது. ஆக 2 லட்சம் லிட்டர் இறைக்க வேண்டும்.

அவருடைய மோட்டார் மணிக்கு எவ்வளவு இறைக்கிறது? ஐந்து குதிரைத்திறன் என்று மோட்டார் தகட்டில் இருப்பதைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. 200 லிட்டர் டிரம் ஒன்றை மடையிலேயே, அதாவது தண்ணீர் தோட்டத்துக்குள் விழும் இடத்திலேயே வைத்து நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 40 விநாடி என்றால் விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். 2 லட்சத்துக்கு 11 மணி நேரம். மோட்டார் போட்டதும் ஒருமுறை, ஒன்றிரண்டு மணி நேரம் ஓடிய பிறகு ஒருமுறை அளக்க வேண்டும். கிணற்று மட்டம் இறங்க இறங்க வரத்து குறையும். தையில் அளந்த அளவு பங்குனியில் செல்லாது, ஆகவே மாதம் ஒருமுறை டிரம்மை எடுங்கள்.

மும்முனை மின்சாரம் முறைவைத்து வரும் ஊரில் 11 மணி நேரம் ஒரே மூச்சில் ஓட்ட முடியாது. இரண்டு நாளாகப் பிரிக்க வேண்டும், அப்படியானால் சனிக்கிழமையே தொடங்க வேண்டும். இந்தக் கணக்கையும் நீங்களே போட்டுக் கொடுத்தால்தான் அது ஆலோசனை. சொட்டு நீர் போட்டவருக்கு ஒரு வாரம் காத்திருக்கத் தேவையில்லை. நாளுக்கு 6 மி.மீ., நூற்றுக்குத் தொண்ணூறு போய்ச் சேரும் என்று வைத்தால் ஏக்கருக்கு 27,000 லிட்டர், அதே மோட்டாரில் தினமும் ஒன்றரை மணி நேரம்.

முதல் பருவத்தில் தண்ணீர் கட்டச் சொல்லும் நாளன்று காலையில் நீங்களே போய்த் தோண்டிப் பாருங்கள். பாரின் பக்கவாட்டில் ஓரடி ஆழத்தில் ஒரு பிடி மண்ணெடுத்து அழுத்தினால் லேசாக உருண்டை பிடித்து, தட்டினால் உதிர வேண்டும். கையில் ஈரம் ஒட்டிக் கெட்டி உருண்டையாக நின்றால் உங்கள் கணக்கு அவசரப்படுகிறது. உருண்டையே பிடிக்காமல் பொலபொலவென்று போனால் தாமதமாகிவிட்டது. மூன்று நான்கு முறை ஒரே பக்கமாக விலகினால், முதலில் மண்ணின் நீர்ப்பிடிப்பு எண்ணைத் திருத்துங்கள், அப்புறம் கேசியை. தலைமடையிலும் கடைமடையிலும் தனித்தனியாகத் தோண்ட வேண்டும். சால் நீளமாக இருக்கும் தோட்டங்களில் கடைமடை காய்வது என்டிவிஐ படத்திலேயே தெரியும். அங்கே கூடுதல் தண்ணீர் தீர்வாகாது, சாலின் நீளத்தைக் குறைத்து மடை வைக்கத்தான் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: செய்தி

பாகிஸ்தானில் அந்நாட்டு நீர்வள ஆராய்ச்சி மன்றம், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2016-இல் சில நூறு விவசாயிகளோடு தொடங்கிய திட்டத்தில், செயற்கைக்கோளும் வானிலை மாதிரியும் கொண்டு கணக்கிட்ட நீர்த்தேவையை வாரம் ஒரு குறுஞ்செய்தியாகத்தான் அனுப்பினார்கள். வரைபடம் இல்லை, செயலி இல்லை. அந்த எளிமை சரி என்பதே என் கருத்து. கொங்குப் பக்கம் குரல் செய்தி இன்னும் நன்றாகப் போய்ச் சேரும்:

"அண்ணா, வணக்கம்ங்க. உங்க கிணத்துத் தோட்டத்து மக்காச்சோளம் இப்ப 56 நாள், பூ எடுக்குற சமயம். வியாழக்கிழமை பேஞ்ச மழை ஒன்றரை நாளைக்குத்தான் தாங்கும். சனிக்கிழமை தலைமடைப் பாதிக்கு அஞ்சரை மணி நேரம், ஞாயித்துக்கிழமை மீதிக்கு அஞ்சரை மணி நேரம் மோட்டார் ஓட்டுங்க. நடுவுல மழை பேஞ்சா எத்தனை மில்லின்னு சொல்லுங்க, மாத்திச் சொல்றேன். தண்ணி கட்டி முடிச்சதும் ஒரு மிஸ்டு கால் குடுத்துருங்க."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். விவசாயி உண்மையில் என்றைக்கு, எவ்வளவு நேரம் பாய்ச்சினார் என்பதை எந்தச் செயற்கைக்கோளும் நம்பகமாகச் சொல்லாது. அது தெரியாமல் அடுத்த வாரக் கணக்கு தொடங்க முடியாது. பதில் வராவிட்டால் நீங்களே கூப்பிடுங்கள். தேவையில்லாத வாரத்தில் "இந்த வாரம் தண்ணீர் வேண்டாம்" என்ற செய்தியும் போக வேண்டும். மழை முன்னறிவிப்புக்கு இந்திய வானிலைத் துறை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியிடும் வேளாண் வானிலை அறிக்கையைப் பாருங்கள்; உங்கள் செய்தியையும் அதற்கு அடுத்த நாள் அனுப்புவது தோது. ஆனால் முன்னறிவிப்பை நம்பிப் பூக்கும் பயிருக்குத் தண்ணீரைத் தள்ளிப் போடச் சொல்லாதீர்கள். பெய்த மழையை மட்டும் வரவில் எழுதுங்கள்.

முதல் பருவத்தில் ஒருவருடைய முழுத் தோட்டத்தையும் உங்கள் கணக்கில் ஓட்ட வேண்டாம். பாதி அவர் வழக்கப்படி, பாதி உங்கள் கணக்குப்படி. நட்டம் வந்தால் அவருக்குத்தான் வரும், உங்களுக்கு இல்லை.

எட்டாம் படி: கிணற்றில் தண்ணீர் போதாதபோது

பங்குனியில் பல தோட்டங்களில் கேள்வியே மாறிவிடும். பயிருக்கு எவ்வளவு வேண்டும் என்பது போய், இருப்பதை எங்கே விடுவது என்றாகிவிடும். உணவு வேளாண்மை அமைப்பு 1979-இல் வெளியிட்ட எண்கள் இதற்கு இன்றும் கைகொடுக்கும். நீர்ச்செலவில் 10 சதவீதம் குறைந்தால், அந்தக் குறைவு பூக்கும் கட்டத்தில் வந்தால் மக்காச்சோள மகசூல் ஏறத்தாழ 15 சதவீதம் போகும். வளர்ச்சிக் கட்டத்தில் வந்தால் 4, மணி பிடிக்கும்போது 5, முற்றும்போது 2. ஆகவே சுமார் 50-ஆம் நாளிலிருந்து 65 வரை உள்ள இரண்டு வாரத்தைக் காப்பாற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தண்ணீரைத் தள்ளிப் போடலாம். சால் விட்டுச் சால் பாய்ச்சலாம். சோளத்தட்டையை மூடாக்காகப் போடலாம். முற்றிய பிறகு நிறுத்திவிடலாம். பயிர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று விதைத்த தேதியும் என்டிவிஐ வளைகோடும் சேர்ந்து சொல்லும். எந்தத் தோட்டத்துக்கு முதலில் போக வேண்டும் என்று அதை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

இதைவிடப் பெரிய உதவியை விதைக்கும் முன்பே செய்யலாம். உச்சத் தேவை நாளுக்கு 6.5 மி.மீ. என்று வைத்தால், பார்-சாலில் ஏக்கருக்கு நாள்தோறும் 40,500 லிட்டர் வேண்டும். சொட்டு நீரில் 29,200. பங்குனியில் விநாடிக்கு 5 லிட்டர் வீதம் நாளுக்கு நான்கு மணி நேரம்தான் ஓடும் போர் தருவது 72,000 லிட்டர். பார்-சாலில் ஒன்றேமுக்கால் ஏக்கர், சொட்டு நீரில் இரண்டரை ஏக்கர் தாங்கும். மூன்று ஏக்கர் போடுவேன் என்பவரிடம் இந்தக் கணக்கோடு, அதே கிணற்றைச் சுற்றிய கடந்த சில ஆண்டு மார்ச், ஏப்ரல் சென்டினல் படங்களையும் எடுத்துக் காட்டுங்கள். எந்த ஆண்டு எத்தனை ஏக்கர் கடைசிவரை பச்சையாக நின்றது, எத்தனை பாதியில் காய்ந்தது என்று அதில் தெரியும். தை முதல் வாரத்தில், விதை வாங்கக் கிளம்பும் முன், திண்ணையில் உட்கார்ந்து அவரோடு இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள்.